பிண்டாராவுக்குப் போன சுவிஸ்காரி

சுவிஸின் பாடன் நகரத்து பஸ் சாரதிகள் மத்தியில் யசோதராவுக்கு ஒரு பெயர் இருந்தது. நேரம் என்றால் அவளுக்கு நேரம்தான். கதவைச் சாத்திவிட்டால் சாத்தியதுதான். பின்னால் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தாலும் பஸ் புறப்பட்டுவிடும். ஒருமுறை சொந்த அம்மாவையே மீன் பையோடு தரிப்பிடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா பரமேஸ்வரி அந்தக் கிழமை முழுக்க மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பா யோகராஜாவோ அதைக் காண்கிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

யசோதரா பிறந்ததே பாடனில்தான். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்து நீர்வேலியிலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் கதைத்தது சுவிஸ் ஜெர்மன், வீட்டில் தமிழ். இரண்டிலும் கோபப்படத் தெரியும், பகிடி விடத் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்பார்: “நீங்கள் எந்த ஊர்?”

“பாடன்.”

“அது சரி. உண்மையிலே எந்த ஊர்?”

கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். சிலர் இலங்கைக்குச் சுற்றுலா போய்வந்த கதையையும் சேர்த்துச் சொல்லுவார்கள். யசோதரா சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பாள். செருப்புக்குள் கிடக்கிற சின்னக் கல் மாதிரித்தான் அது. அதற்காக நின்று கழற்றி உதற நேரமில்லை.

அவளுடைய கணவன் குகதாசன், மின் நிலையங்களுக்கு மின்மாற்றி பொருத்துகிற ஒரு நிறுவனத்தில் வேலை செய்தான். ஒருநாள் வேலையால் வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றான்.

“யசோ, ஆஸ்திரேலியாவுக்குப் போறீங்களோ எண்டு கேக்கினம்.”

“ஆரை, உங்களையோ?”

“எங்கள் மூண்டு பேரையும்தான். ஒண்டரை வருசம். பெரிய சூரிய மின் நிலையம் ஒண்டு கட்டினம். எங்கட சாமான்தான் அங்க பூட்டுப்படப் போகுது.”

“சிட்னியிலயோ?”

குகதாசன் கொஞ்சம் தயங்கினான். “சிட்னியில இருந்து எட்டு மணித்தியாலம்.”

“பிளேனிலயோ?”

“கார்ல.”

பாடனிலிருந்து எட்டு மணித்தியாலம் கார் ஓடினால் ஒரு நாட்டைக் கடந்து அடுத்த நாட்டில் பாதியையும் கடந்துவிடலாம். யசோதரா உலகப்படத்தை எடுத்துப் பார்த்தாள். பிண்டாரா என்ற அந்த ஊரைக் கண்டுபிடிக்க விரல்களால் திரையைப் பலமுறை விரிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு தெருவும் சில கூரைகளும் தெரிந்தன. சுற்றிவர மண்ணிறம்.

“அம்மா, அங்க கங்காரு வீட்டுக்குள்ள வருமோ?” என்று ஏழு வயது மகள் ரிஷானி கேட்டாள். வராது என்று சொன்னதும் அவள் முகம் வாடிப்போனது. யசோதரா சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டாள். மூவரும் புறப்பட்டார்கள்.

பிண்டாராவில் அவர்களுக்கென்று எடுத்த வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயதைத் தாண்டிய, வெயிலில் சிவந்த முகம். பெயர் ஷெர்லி. ஊரின் தபால் கந்தோரும் பலசரக்குக் கடையும் ஒன்றேதான், இரண்டையும் நடத்துகிறவள் அவள்தான். படலைக் கதவில், சுவிஸ் கொடி மாதிரி, சிவப்புத் துணியில் வெள்ளைச் சிலுவை தைத்துக் கட்டியிருந்தாள். கையில் ஒரு கேக்.

கார் வந்து நின்றது. குகதாசன் இறங்கினான், யசோதரா இறங்கினாள், தூங்கி விழுந்த ரிஷானியும் இறங்கினாள். ஷெர்லி அவர்களைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

“சுவிஸ்காரர் பின்னால வருகினமோ?”

“நாங்கள்தான் அது,” என்றாள் யசோதரா.

ஷெர்லி ஒரு கணம் விழித்தாள். பிறகு தலையை அண்ணாந்து சிரித்த சிரிப்பில் மின்கம்பியில் இருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் எல்லாம் கலைந்து பறந்தன. “நான் ஒரு மடைச்சி! பொன்னிறத் தலைமுடியோட மாடு மேய்க்கிற குடும்பம் ஒண்டு வரும் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு நிண்டன். வாங்கோ, வாங்கோ, கேக் உருகுது!”

விஷயம் அவ்வளவோடு முடிந்தது. உண்மையிலே எந்த ஊர் என்று ஷெர்லி கேட்கவில்லை. சுவிஸிலிருந்து வந்தால் சுவிஸ்காரர். அன்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் முதல் மாதம் யசோதராவுக்குச் சரிவரவில்லை. விடியமுன் குகதாசன் வேலைக்குப் போய்விடுவான். ரிஷானி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய், இரண்டாம் நாளே அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரிச் செருப்பில்லாமல் வந்தாள். யசோதரா வீட்டில் தனிய இருந்தாள். பாடனில் நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவான மெசினில் உடுப்புத் தோய்க்க அவளுடைய முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே முற்றம் முழுக்கக் கொடிக்கயிறு, கொளுத்துகிற வெயில். அந்தச் சந்தோசத்தில் சுத்தமான திரைச்சீலைகளைக்கூடக் கழற்றித் தோய்த்தாள். பிறகு தோய்க்கவும் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து வளவில் புல்வெட்டும் மெசின் அலறியது. யசோதரா யன்னலுக்கு ஓடினாள். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால் அயலவர்கள் பொலிசுக்குத் தொலைபேசி அடித்துவிடுவார்கள். வெட்டிக்கொண்டிருந்தவர் ஷெர்லியின் கணவர் கெவின். எழுபது வயது, நொண்டி நொண்டி நடந்தார். அவளைக் கண்டதும் தொப்பியைத் தூக்கிவிட்டு, அனுமதி எதுவும் கேட்காமல் வேலியைத் தாண்டி அவளுடைய முற்றத்துப் புல்லையும் வெட்டத் தொடங்கினார்.

தேத்தண்ணி கொடுத்தபோதுதான் கதை வெளியே வந்தது. கெவின் அந்த ஊரின் பள்ளிக்கூட பஸ் சாரதி. இடுப்பு எலும்பு தேய்ந்து, சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பஸ்ஸை ஓட்ட மாற்று ஆள் கிடைக்கவில்லை. பஸ் நின்றுவிட்டால் தூரத்துப் பண்ணைப் பிள்ளைகளைத் தாய்மார்தான் ஏற்றி இறக்க வேண்டும், அதுவும் ஆட்டுக்கு உரோமம் வெட்டுகிற, மூச்சுவிட நேரமில்லாத காலத்தில்.

“நான் பஸ் ஓடுறனான்,” என்றாள் யசோதரா.

கெவின் கோப்பையைக் கீழே வைத்தார். “எவ்வளவு பெரிய பஸ்?”

“நடுவில மடியுமே, இரட்டை பஸ். அது.”

கெவின் எழும்பி நொண்டிக்கொண்டே வேலியடிக்குப் போனார். “ஷெர்ல்! எங்களுக்குப் பக்கத்து வீட்டில ஒரு பஸ்காரி! வந்து ஒரு மாசமாம், வாய் திறக்கேல்லை!”

சாரதி அனுமதிப் பத்திரம் மாற்ற வேண்டியிருந்தது, தூரத்து நகரத்தில் பஸ் ஓட்டிக் காட்டுகிற பரீட்சை எடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, கெவின் ஆஸ்பத்திரிக்குப் போக, யசோதரா பஸ்ஸில் ஏறினாள். பழைய மஞ்சள் பஸ். இடது பக்கத்தில் ஓட வேண்டும். தார் றோட்டு ஊர் எல்லையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் செம்மண், கோதுமை வயல், ஆடுகள், யோசிக்காமல் குறுக்கே பாய்கிற கங்காருகள்.

முதல் நாள் ஒரு பண்ணை வாசலில் நிறுத்தினாள். ஆள் இல்லை. பழக்கதோசத்தில் நேரத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள், புறப்பட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னால் புழுதி மேகம் ஒன்று துரத்தி வந்தது. உள்ளே ஒரு சின்ன லொறி, விடாமல் ஹோன் அடித்துக்கொண்டு. அது முன்னால் போய் மறித்து நிற்க, சேற்றுச் சப்பாத்தோடு ஒரு தாய் குதித்தாள். பின்னாலிருந்து இரண்டு பிள்ளைகள் இறங்கி பஸ்ஸுக்குள் ஓடினார்கள். இண்டைக்கு நல்லாய் வாங்கிக் கட்டப்போறன் என்று யசோதரா நினைத்தாள். அந்தத் தாய் யன்னலால் ஒரு பெட்டி கோழி முட்டையை நீட்டினாள்.

“பிழை எங்களில. கோழி வெளிக்கிட்டுட்டுது, பிடிச்சுக்கொண்டு நிண்டம். நீங்கள்தான் சுவிஸ்காரி என்ன? அதுதான் சரியா நேரத்துக்கு வந்திட்டீங்கள்!”

பின்னேரம் தொலைபேசியில் இதைக் கேட்ட கெவின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சிரித்தார். “மணிக்கூட்டைப் பாராதையும், மேட். படலையைப் பாரும். படலை திறந்திருந்தால் பிள்ளை வரும். பூட்டியிருந்தால் வராது. நாய் றோட்டில நிண்டால் பிள்ளை சப்பாத்துத் தேடுது, கொஞ்சம் பொறுக்கோணும்.”

யசோதரா நாய்களைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். எந்த நாய் வாலாட்டினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் தெரிந்தபோது அவளுக்கு ஊரும் பிடித்துப்போயிருந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு வாகனமும் அவளைக் கண்டால் வேகம் குறைத்து யன்னலை இறக்கும். நடு றோட்டில் இரண்டு வாகனங்களும் நின்று மழை வருமா என்று கதைக்கும். பின்னால் ஹோன் அடிக்க ஆள் இல்லை, ஏனென்றால் பின்னால் ஆளே இல்லை. ஒருநாள் அப்படிக் கதைத்துவிட்டுப் புறப்பட்டபோதுதான், தான் யாரிடமாவது கோபப்பட்டுக் கனநாளாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

கெவின் புது இடுப்போடு திரும்பிவந்தும் டாக்டர் உடனே வண்டி ஓட்ட விடவில்லை. யசோதரா தொடர்ந்து ஓடினாள். வெள்ளிக்கிழமை இரவுகளில் குடும்பத்தோடு ஊரின் ஒரே பப்புக்குச் சாப்பிடப் போவார்கள். அங்கே ஆட்கள் அவளைச் சுவிஸ் பாஷையில் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். குசினியில் இருக்கிற சின்ன அலுமாரிக்கு சுவிஸ் ஜெர்மனில் உள்ள சொல்லைச் சொன்னாள். “ஹுஹிஹெஷ்ட்லி.” தொண்டையில் மீன்முள் சிக்கினால் எப்படிச் செருமுவார்களோ அந்தச் சத்தம். தொப்பி போட்ட விவசாயிகள் எல்லாரும் செருமிச் செருமிச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

ஜூலை பிறந்ததும் ஷெர்லி ஒரு செய்தியோடு வந்தாள். “ஓகஸ்ட் முதலாம் தேதி உங்கட தேசிய நாளாமே! ஊர் மண்டபத்தில வைப்பம். சமையல் உம்முடையது. எல்லாருக்கும் சுவிஸ் சாப்பாடு.”

அன்று இரவு யசோதரா குகதாசனிடம் சொன்னாள்.

“எனக்கு என்ன சுவிஸ் சாப்பாடு தெரியும்? நான் ஒருக்காலும் பனிச்சறுக்கினதில்லை, மாட்டில பால் கறந்ததில்லை. சீஸ் ஃபொண்டூ வேலையிடத்து விருந்தில ரெண்டு தரம் சாப்பிட்டிருக்கிறன், அவ்வளவுதான்.”

“ஃபொண்டூ எண்டால் சீஸை உருக்கிறதுதானே,” என்றான் குகதாசன். உருக்குகிறது அவன் இல்லை என்பதால் அப்படிச் சொன்னான்.

ஷெர்லியின் கடையில் ஒரே வகைச் சீஸ்தான் இருந்தது, கடும் மஞ்சள். யசோதரா அதை வாங்கிவந்து உருக்கிப் பார்த்தாள். மேலே எண்ணெய் மிதந்தது, கீழே ரப்பர் மாதிரி ஒன்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் அழைத்தார்.

“அது என்ன பிள்ளை, ரயருக்கு ஒட்டுப் போடுறியோ?”

யசோதரா அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

“இறைச்சி ரோல்ஸ் சுடன்,” என்றார் பரமேஸ்வரி.

“அம்மா, அவை கேக்கிறது சுவிஸ் சாப்பாடு!”

“நான் முப்பத்தைஞ்சு வருசமாச் சுவிசில ரோல்ஸ் சுடுறன். உன்ர பள்ளிக்கூட விழாவுக்குச் சுட்டன், அப்பான்ர வேலையிடத்துக்குச் சுட்டன், கீழ் வீட்டு ஃப்ராவ் மையரின்ர எண்பதாவது பிறந்தநாளுக்குச் சுட்டன். அது சுவிஸ் சாப்பாடு இல்லாமல் வேற என்ன?”

யசோதராவுக்கு, சின்ன வயதில் பிறந்த நாட்டிலேயே குடியுரிமை கேட்ட காலத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியவர்கள் அவளிடம் ஏரிகளின் பெயர்களும் மலைகளின் பெயர்களும் கேட்டது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் பதில் சொன்னாள். ஆனாலும் வெளியே வந்தபோது கை வேர்த்திருந்தது. அம்மாவோ ஒரு பரீட்சையும் எழுதாமல், ரோல்ஸுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டார்.

“சரி, அம்மா. உறைப்பு எவ்வளவு போட?”

“பாதி போடு. பாவங்கள்.”

ஆட்டிறைச்சிக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. கோழி முட்டை தந்த அந்தத் தாய் ஒரு முழு ஆட்டையே வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் கொண்டுவந்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இருந்தது. விழாவுக்கு முதல் நாள் முழுக்க இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்தன. குகதாசன் மாவைக் கரைத்து மெல்லிய தோசை மாதிரி ஊற்ற, யசோதரா கறி வைத்துச் சுருட்ட, ரிஷானி முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டினாள். மூக்கிலும் புரட்டினாள்.

“என்ன செய்யிறீர்?” என்று இடையில் ஷெர்லி தொலைபேசியில் கேட்டாள்.

“ரோல்ஸ்.”

“ஆ! எனக்குத் தெரியுமே!” என்றாள் ஷெர்லி பெரிய சந்தோசத்தோடு.

அவளுக்குத் தெரிந்தது வேறு. மண்டப வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டாள்: இன்றிரவு சுவிஸ் ரோல்ஸ். ஆங்கிலம் பேசுகிற ஊர்களில் சுவிஸ் ரோல் என்றால் ஜாம் பூசிச் சுருட்டிய இனிப்புக் கேக். யசோதராவுக்கு அது அந்த நேரம் மனதில் படவே இல்லை. ஊர்ச் சனம் வந்து சேர்ந்தது. குளிருக்குக் கம்பளிச் சட்டை, கையில் ஆளுக்கொரு கிண்ணம். சிலர் கிறீம் கொண்டுவந்திருந்தார்கள், கெவின் ஒரு பெரிய சட்டி நிறையக் கஸ்டர்ட் கொண்டுவந்திருந்தார்.

மேசையில் ரோல்ஸ் மலைபோல் குவிந்தது. மணம் மண்டபத்தைத் தூக்கியது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கெவின் மரியாதை தெரிந்த மனிதர். தட்டில் ஒரு ரோலை வைத்தார், அதன் தலையில் கஸ்டர்டைத் தாராளமாக ஊற்றினார், கரண்டியால் வெட்டி வாயில் போட்டார். மண்டபம் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது. கெவின் மென்றார், விழுங்கினார். காது சிவந்தது, நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்தது.

“எங்கட சுவிஸ் ரோலைவிட,” என்றார் மெதுவாக, “இது கொஞ்சம் உதைக்குது.”

யசோதரா கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ கெவின், அது இறைச்சி! இனிப்பு இல்லை!”

“அதை நான் கண்டுபிடிச்சிட்டன், மேட். இன்னொண்டு தாரும். கஸ்டர்ட் இல்லாமல்.”

கொல்லென்று கிளம்பிய சிரிப்பில் கூரைத் தகடு அதிர்ந்தது. அதன் பிறகு ரோல்ஸ் போன இடம் தெரியவில்லை. ஷெர்லி மேடையில் ஏறி, “எங்கட சுவிஸ்காரிக்கு ஒரு கைதட்டு!” என்று கத்தினாள். சனம் கால்களாலும் தட்டியது. யசோதராவின் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் வெட்டினது என்று குகதாசனிடம் சொன்னாள். அவன் நம்பின மாதிரி நடித்தான்.

ஒன்றரை வருடம் இரண்டு வருடத்துக்குக் கிட்ட இழுபட்டு முடிந்தது. பிரியும்போது ரிஷானி பஸ்ஸின் பின் இருக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிண்டாராவில் இப்போதும் சுவிஸ் ரோல் என்றால் ஆட்டிறைச்சி ரோல்தான். வெளியூரிலிருந்து ஆசிரியராக வந்த ஒருவர் கடையில் சுவிஸ் ரோல் கேட்டு, ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்கு ஓடினாராம். ஷெர்லி தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

யசோதரா பாடனில் மறுபடி பஸ் ஓட்டத் தொடங்கினாள். முதல் கிழமையே இரண்டு நிமிடம் பிந்தினாள். ஓடிவந்த ஒருவருக்காகக் காத்திருந்ததுதான் காரணம். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். அவள் மன்னிப்புக் கேட்டாள். இப்போது நேரத்துக்குத்தான் ஓடுகிறாள், ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன் ஒருமுறை கண்ணாடியைப் பார்க்கிறாள். அந்த நேரத்தை அடுத்த நேர்ச் சாலையில் எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த கோடைக்கு கெவினும் ஷெர்லியும் பாடனுக்கு வந்து இறங்கினார்கள். வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். வந்த மறுநாளே யசோதராவின் பஸ்ஸில்தான் போவோம் என்று அடம்பிடித்து, சாரதிக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருந்தார்கள். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் கெவின் தொப்பியைத் தூக்கி உரக்க வணக்கம் சொன்னார். முதலில் ஏறியவர்கள் திடுக்கிட்டு கைப்பேசிக்குள் தலையைப் புதைத்தார்கள். சந்தைப் பையோடு ஏறிய ஒரு வயதான பெண் மட்டும் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, சாரதிப் பக்கம் குனிந்து சுவிஸ் ஜெர்மனில் கேட்டார்: “இவை ஆர்?”

“எங்கட ஊர் ஆக்கள்,” என்றாள் யசோதரா அதே பாஷையில். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஷெர்லிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடைசித் தரிப்பிடம் வரும்போது பஸ்ஸில் பாதிப் பேர், தெரிந்த ஆங்கிலத்தில், செம்மறி ஆட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பாடு. பரமேஸ்வரியும் ஷெர்லியும் குசினிக்குள் புகுந்து, பாதித் தமிழும் பாதிக் கையசைவுமாகக் கதைத்துக்கொண்டு வெளியே வரவே இல்லை. யோகராஜாவுக்கு முழங்கால் சுகமில்லை, கெவினுக்குப் புது இடுப்பு. நீர்வேலிப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைத் தூசு தட்டி எடுத்து யோகராஜா சொன்னார்: “மிஸ்டர் கெவின், வாருங்கோ. எங்கட ஊரில இதுக்கெல்லாம் ஒரு மருந்து இருக்கு.”

பாடனில் லிம்மாத் ஆற்றங்கரையில், நிலத்துக்குள்ளிருந்து வருகிற சுடுநீரை ஊர்ச் சனத்துக்கென்று தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறங்கலாம். பின்னேர வேலையை முடித்துக்கொண்டு யசோதரா அங்கே போனபோது இரண்டு பேரும் கழுத்துவரை தண்ணீருக்குள் இருந்தார்கள். கெவின் இடுப்பில் அப்பாவின் லுங்கிச் சாரம், தண்ணீரில் பலூன் மாதிரி ஊதி நின்றது. முகம் இரண்டும் தக்காளிப் பழம்.

“அப்பா, இருட்டப்போகுது. வாங்கோ, வீட்டை போவம்.”

யோகராஜா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “நீ முன்னுக்குப் போ, பிள்ளை. கெவின் இப்பதான் ஆட்டுக்கு உரோமம் வெட்டுற கதை தொடங்கினவர்.”

யசோதரா யோசித்தாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேலை உடுப்பின் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைச் சுடுநீருக்குள் விட்டாள்.

“சரி,” என்றாள். “முதலில இருந்து சொல்லுங்கோ.”